பிரஷர் மாத்திரையும் தவமும்: வேலைக்குப் போகிறவன் இதைத் தினமும் எப்படித்தான் செய்வது?

நூல்கண்டு:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிறவன், வயது 44. போன மாதம் பல்வலி என்று போன இடத்தில் பிரஷர் பார்த்தார்கள், 156/98. முதலில் இதைக் கவனியுங்கள், பல்லை அப்புறம் பிடுங்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார் பல் டாக்டர். பொது மருத்துவர் ஒரு வாரம் விட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டு அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறையுங்கள், நடங்கள், டென்ஷன் ஆகாதீர்கள் என்றார். முதல் இரண்டும் சரி, மூன்றாவது எந்த மெடிக்கலில் கிடைக்கும் என்றுதான் தெரியவில்லை.

2019இல் பக்கத்து மனவளக்கலை மன்றத்தில் (வேதாத்திரி மகரிஷி முறையில் தவமும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுக்கிற இடம், தவம் என்றால் தியானம்தான்) சேர்ந்து புருவ நடுவில் மனதை வைக்கிற ஆக்கினை தீட்சை வாங்கினேன், உச்சந்தலையில் வைக்கிற துரியம் வரைக்கும் எடுத்தேன், அவர்களுடைய தலைமை மையம் இருக்கிற ஆழியாறுக்கும் ஒரு தடவை போய் வந்தேன். நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு ஷிப்மென்ட் நெருக்கடி, ஒரு வாரம் விட்டேன், அந்த ஒரு வாரம் இத்தனை வருடமாகிவிட்டது. இப்போது மறுபடி தொடங்கலாமென்று காலை 5 மணிக்கு உட்கார்ந்தால் தூங்கி வழிகிறேன். ராத்திரி உட்கார்ந்தால் கண்ணை மூடியதுமே டையிங்கில் ஷேடு மாறி வந்த துணிதான் முன்னால் வந்து நிற்கிறது, அதோடு பையருக்கு என்ன பதில் எழுதுவது என்று மனதுக்குள்ளேயே மெயில் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் அம்மா வேறு, மாத்திரை பழகினால் விடாது, தவம் செய், தானாக இறங்கும் என்கிறார். குடும்பம், வேலை எல்லாம் வைத்துக்கொண்டு தொடர்ந்து செய்கிறவர்கள் யாராவது இருந்தால் நிஜத்தில் எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பது எனக்கே தெரியும்.

ஆழியாற்றங்கரை:

வாழ்க வளமுடன் தம்பி. இருபது வருடமாகச் செய்கிறேன், நடுவில் நானும் மூன்று தடவை விட்டவள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

5 மணியை விட்டுவிடுங்கள். ராத்திரி பன்னிரண்டுக்குப் படுப்பவர் 5 மணிக்குக் கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும், அது உடம்பு கேட்கிற பாக்கி. சாமியார் மடத்து நேரத்தை நாம் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? மகரிஷியே 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் வீட்டில் பிறந்து, கைத்தறித் தொழில் நடத்தி, குடும்பம் பார்த்தவர். ஒரு வகையில் உங்கள் தொழில்காரர்தான். அவர் சொல்லிக்கொடுத்தது வீட்டில் இருக்கிறவர்களுக்காக. நிறையப் பேர் உடற்பயிற்சியை விட்டுவிட்டுத் தவத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், நீங்களும் அப்படித்தானோ என்று ஒரு சந்தேகம். குளிப்பதற்கு முன்னால் கைப்பயிற்சி, கால்பயிற்சி, உடல் தேய்த்தல், கடைசியில் உடல் தளர்த்தல், இதைச் செய்துவிட்டுக் குளித்து, ஈரத்தலையோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். தூக்கம் வராது. மூச்சை வேகமாக வெளியே தள்ளுகிற கபாலபதியை மட்டும் பிரஷர் கட்டுக்குள் வரும்வரை நிறுத்தி வையுங்கள், மன்றத்து ஆசிரியரிடமும் பிரஷர் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தவம் இல்லை, அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று வகுப்பில் எழுதச் சொல்வார்கள், எல்லோரும் பரீட்சை மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவோம். நானும் மறந்தவள்தான். பத்து வருடம் முன்னால் வீட்டில் தினமும் சண்டை என்று ஆனபோது, பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று வாரம் எழுதினேன். யார் மேல் கோபம், எத்தனை மணிக்கு, என்ன பேச்சில், இவ்வளவுதான், நியாயமா இல்லையா என்றெல்லாம் எழுதவில்லை. 26 கோபம் சேர்ந்தது. அதில் 17 பகல் 12 மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவில். ஏழரைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, எல்லோருக்கும் பரிமாறி நான் உட்கார இரண்டு மணி ஆகும். மாமியார் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாதிக்கு மேல் வயிறு காய்ந்த கோபம். பதினோரு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட ஆரம்பித்தேன். மாமியார் அப்படியேதான் இருந்தார், அவரை மாற்ற எந்தப் பயிற்சியும் இல்லை.

ஒரு நோட்டு வாங்குங்கள் தம்பி.

முத்துநகர்:

தூத்துக்குடியில் 19 வருடமாக நர்ஸ் வேலை. முதல் விஷயம், அம்மாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், மாத்திரையை நிறுத்த மாட்டேன் என்று. தவம் செய்வதால் மாத்திரையைக் குறைக்க முடியும் என்றால் அதை டாக்டர் அளந்து பார்த்துக் குறைப்பார். பிரஷர் வலிக்காது, அதுதான் அதன் கெட்ட குணம். நல்லாத்தானே இருக்கேன் என்று தாங்களாக நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வந்தவர்களைத் தூக்கிப் படுக்க வைத்திருக்கிறேன், அதனால் இதில் மட்டும் கொஞ்சம் கறாராகப் பேசுவேன்.

பல்வலியோடும் பயத்தோடும் பார்த்தால் அளவு ஏறித்தான் இருக்கும், அதனால்தான் உங்கள் டாக்டர் மறுபடி பார்த்திருக்கிறார், நல்ல டாக்டர். வீட்டில் மெஷின் வைத்துப் பார்ப்பதானால் காபி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள், போனும் கையில் வேண்டாம். கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும். ஒரு நிமிஷம் விட்டு இரண்டு தடவை எடுத்துக் குறித்து வையுங்கள். யோசித்துப் பாருங்கள், அந்த ஐந்து நிமிஷமே ஒரு தியானம்தானே? நோயாளிகளிடம் நான் இதைத்தான் சொல்வது.

நான் ஜெபமாலை சொல்கிறவள். பஸ்ஸில் டியூட்டிக்குப் போகும்போது ஐந்து பத்துமணி, அதாவது பத்துப் பத்தாக ஐம்பது மணி ஜெபம், முடிந்துவிடும். இத்தாலியில் பாவியா பல்கலைக்கழகத்து ஆட்கள் 23 பேரை வைத்து, லத்தீனில் மரியே வாழ்க ஜெபத்தையும், ஓம் மணி பத்மே ஹூம் மந்திரத்தையும் சொல்லவைத்து அளந்திருக்கிறார்கள், 2001இல் வந்த ஆய்வு. இரண்டிலுமே மூச்சு நிமிஷத்துக்கு ஆறு அளவில் வந்து நின்றது. சாதாரணமாக நமக்கு 12 முதல் 20 வரை ஓடும். அந்த ஆறு என்கிற வேகத்தில் இரத்த அழுத்தத்தைச் சமன் பார்க்கிற நரம்பு ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. எனக்கு அது மாதாவின் கிருபை, டாக்டருக்கு அது மூச்சு, சண்டை எதுவும் இல்லை. ஆனால் அவசரமாக ஓட்டினால் எந்த ஜெபமும் அந்த வேகத்துக்கு வராது. எங்கள் பாட்டி ஐம்பதையும் எட்டு நிமிஷத்தில் முடிப்பார்!

அப்புறம் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு. உப்பைக் குறைத்தேன் என்கிறவர்கள் பொரியலில் குறைத்துவிட்டு இதையெல்லாம் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு.

சந்தேகப்பிராணி:

நான் சாமி கும்பிடாதவன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கம்பெனி போன் வருகிறதா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள். முதலாளி உண்டாக்குகிற டென்ஷனைத் தொழிலாளி கண்ணை மூடிக் கரைக்க வேண்டும் என்கிற ஏற்பாடு எனக்குப் பிடிப்பதில்லை. எங்கள் ஆபீசிலும் ஆள் எடுக்கச் சொல்லிக் கேட்டபோது யோகா வகுப்பு வைத்தார்கள். இரண்டு பேர் வேலையை ஒருவன் செய்துவிட்டுப் பாயை விரித்துப் படுக்க வேண்டுமாம்.

ஆழியாற்றங்கரை:

சந்தேகப்பிராணி, இதில் உங்கள் பக்கம்தான் நான். அதற்குத்தான் நோட்டு எழுதச் சொன்னது. மணி எழுதினால் யார் உண்டாக்கிய டென்ஷன் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

பல்லாவரம்பஸ்:

நான் விபாசனா ஆள், மூச்சையும் உடம்பில் தெரிகிற உணர்வையும் கவனிக்கிற தியானம். திருமுடிவாக்கம் மையத்தில் பத்து நாள் இருந்தேன். விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, போன் கிடையாது, முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சு மட்டும். காசு வாங்குவதில்லை, முடித்தபின் விருப்பமிருந்தால் தானம். பதினோராம் நாள் காலை நான் புத்தர் மாதிரி வெளியே வந்தேன், பல்லாவரம் வருவதற்குள் ஆட்டோக்காரரிடம் சண்டை. வீட்டில் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொன்னார்கள், ஒன்பது நாள் தாங்கியது. இப்போது காலை இருபது நிமிஷம்தான். மீதி எல்லாம் வண்டியில். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் தோள்பட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன், காதுப் பக்கத்தில் இருக்கும், இறக்கிவிடுவேன். மூன்று சிக்னல், தினமும் இரண்டு வேளை. சிரிப்பாக இருக்கும், ஆனால் மூன்று வருடமாக விட்டுப்போகாத ஒரே பயிற்சி இதுதான்.

ஒரு எச்சரிக்கை. கண்ணை மூடி உட்கார்ந்தால் எல்லோருக்கும் அமைதி வராது. என்னோடு இருந்த ஒருவருக்குப் படபடப்பு அதிகமாகி ஆறாம் நாள் கிளம்பினார். மனநல மருந்து எடுக்கிறவர்கள், அண்மையில் பெரிய துக்கம் பார்த்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் நீண்ட முகாமுக்குப் போக வேண்டாம்.

நூல்கண்டு:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அக்கா சொன்னபடி நோட்டு போட்டேன், 19 நாளில் 31 கோபம். அதில் 22 இரவு ஏழரைக்கு மேல். ஜெர்மனிக்காரன் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் என் தலையில் கொட்டிவிட்டுப் போகிற நேரம் எனக்கு எட்டரை, ஒன்பது. நான் சோற்றில் கை வைத்தபடி படித்துவிட்டுப் பெண்ணை முறைத்திருக்கிறேன். அவள் கேட்டது ரெக்கார்டு நோட்டுக்கு பிரவுன் அட்டை. நோட்டில் இது மூன்று தடவை வந்திருக்கிறது.

சந்தேகப்பிராணி கேட்டதற்குப் பதில், ஆமாம், வருகிறது. முதலாளியிடம் பேசினேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, எட்டு மணிக்குமேல் கன்டெய்னர் ஏறுகிற நாளில் மட்டும் போன் என்பதுவரை வந்தது. மெயில் பார்ப்பதை நானாக நிறுத்தினேன், முதல் வாரம் கை அரித்தது. ஈரத்தலையோடு பத்து நிமிஷம் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தப்பிவிடுகிறது. டையிங் துணி இன்னும் வருகிறது, வந்தால் வரட்டும் என்று விட்டால் போய்விடுகிறது.

வீட்டில் ஒரு வாரம் பார்த்த சராசரி 134/86. மாத்திரையாலா, ஊறுகாயை விட்டதாலா, தவத்தாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. டாக்டர் அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார், அம்மா தவத்தால்தான் என்கிறார். பல்லையும் பிடுங்கியாயிற்று.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். இடது முழங்கால் மடக்கினால் குத்துகிறது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாமா?

ஆழியாற்றங்கரை:

தாராளமாக. நான் ஆறு வருடமாகச் சமையல்கட்டு ஸ்டூலில்தான்.