உதவி: அழிக்க அழிக்கப் புது நிர்வாகி கணக்கு வருது

உப்புவெளி_அறை: அவசரம். விடுதித் தளத்தில முன்பதிவுப் பக்கம் வேற எங்கயோ போகுது. தெரியாத நிர்வாகி ஒராள் இருந்தார். அழிச்சு, கடவுச்சொல்லும் மாத்தினன். காலமை பார்த்தா புதுசா ரெண்டு பேர்!

சல்லிமுனை: என்ன மென்பொருள்? என்னென்ன பிளக்இன், அதாவது மேலதிகமாச் சேர்த்த துணை நிரல்?

தம்பலகாமம்: மலிவு ஹோஸ்டிங்தான் காரணம். மாத்துங்க.

உப்புவெளி_அறை: வேர்ட்பிரஸ். முன்பதிவு பிளக்இன் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் எழுதித் தந்தது.

சல்லிமுனை: அமைப்புகளில 'பொது' பக்கம் போங்க. யாரும் பதியலாம் எண்டதில டிக் இருக்கா? புதுப் பயனருக்கு என்ன பங்கு, அதாவது என்ன அதிகாரம்?

உப்புவெளி_அறை: டிக் இருக்கு. பங்கு நிர்வாகி!! நான் வைக்கேல்ல.

கன்னியா_7: அரிச்சுவடிப் பிழை. அந்தத் தம்பி 'இஸ் அட்மின்' எண்டு மட்டும் சோதிச்சிருப்பார். அது ஆளைப் பார்க்காது, நிர்வாகப் பக்கமா எண்டுதான் பார்க்கும். பிளக்இன்கள் பின்னணியில வேலை வாங்கிற அட்மின்-அஜாக்ஸ் கோப்புக்கு யார் வந்தாலும் 'ஓம்' சொல்லும். அப்பிடித்தான் உங்கட அமைப்பை ஆரோ மாத்தியிருப்பாங்க. 'கரண்ட் யூசர் கேன்' போட்டு 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' உரிமை கேட்கணும்.

தம்பலகாமம்: நான்ஸ், கோரிக்கை எங்கட பக்கத்தில இருந்துதான் வருதா எண்டு பார்க்கிற குறியீடு, இருந்தாப் போதாதா?

கன்னியா_7: போதாது. பிரெட்ரிக் கோட்டை வாசலால கோணேசர் கோயிலுக்கு எல்லாரும் போகலாம். அதுக்காகக் கோட்டைக்குள்ள இருக்கிற ஆமி முகாமுக்குள்ள விடுவாங்களா? நான்ஸ் வாசல்தான், உரிமை வேற.

மூதூரான்: வேர்ட்பிரஸை விட்டு ஜூம்லா மென்பொருளுக்கு மாறினா இந்தத் தலையிடி இல்ல.

சல்லிமுனை: ஜூம்லா 4.0.0 முதல் 4.2.7 வரை லாகின் இல்லாமலே தரவுத்தளக் கடவுச்சொல்லை வாசிக்க முடிஞ்சது. 2023இல் 4.2.8 வந்துதான் அடைச்சது.

மூதூரான்: வேர்ட்பிரஸ் 4.7.1இல் ஊரான் பதிவையே திருத்தலாமே, 2017இல்?

சல்லிமுனை: சரி, அதை வேற இழையில அடிபடுவம். உப்புவெளி, முதல்ல ஓட்டையை அடைங்க, ஆளை அழிக்கிறது பிறகு. கோப்பு மேலாளரில பிளக்இன் கோப்புறைப் பெயரை மாத்தினா அது நிண்டுடும். டிக்கை எடுத்து, பங்கைச் சந்தாதாரர் ஆக்கிட்டு கணக்குகளை அழிங்க. கான்ஃபிக் கோப்பில சால்ட் எண்ட ரகசியச் சாவி எட்டையும் மாத்தினா லாகின்ல இருக்கிற எல்லாரும் வெளிய. ஆனா வெளிச் செயலிகள் உள்ள வரக் குடுக்கிற செயலிக் கடவுச்சொல் இதுகளால சாகாது. ஒவ்வொரு நிர்வாகியின் சுயவிவரத்திலயும் தேடி ரத்துச் செய்யுங்க. மியூ-பிளக்இன்ஸ் கோப்புறையையும் பாருங்க, அதில இருக்கிறது தானா ஓடும்.

கன்னியா_7: கணக்குப் பதிஞ்ச நேரம் தரவுத்தளத்தில யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். சேர்வர் லாக், அதாவது வந்துபோன பதிவேடு, எங்கட நேரத்தில இருந்தா 5:30 கூட்டித்தான் தேடணும். போஸ்ட் வழியா வந்திருந்தா என்ன செய்தாங்க எண்டு லாக்கில இராது, ஐபி, நேரம், வந்த பக்கம் இதுகள்தான்.

உப்புவெளி_அறை: நிண்டுட்டுது. என்ர கணக்கிலயே ஒரு செயலிக் கடவுச்சொல். மியூவில ஒரு கோப்பு, அழிச்சிட்டன். நன்றி.

சல்லிமுனை: அழிக்க முந்திப் பிரதி எடுத்தீங்களா?

சல்லிமுனை: உப்புவெளி?