பத்தாண்டு நிரல் எழுதிய பிறகு எதை அனுபவம் என்று எண்ணிக்கொள்வது?

பீளமேட்டுக்காரன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கோவையில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்றில் 2015-இல் சேர்ந்தேன். அங்கேயே பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. நூல் கடை, மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை, மருந்துக் கடை, நடுத்தர ஓட்டல் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்காரர்கள்தான். இப்போது நிர்வாகம் என்னை அழைத்து, நிரல் எழுதுவதை விட்டுவிட்டுக் குழுவை நடத்தும் மேலாளராகப் பொறுப்பேற்கும்படி கேட்கிறது. பதில் சொல்வதற்கு முன், இத்தனை ஆண்டுகளில் நான் சேர்த்து வைத்தது என்ன என்று கணக்குப் பார்த்தேன். எனக்கே தெளிவாகாததால் இங்கே கேட்கிறேன்.

தொழில்நுட்பத்தை வைத்துப் பார்த்தால் பெரிதாக மிச்சமில்லை. நான் சேர்ந்தபோது மென்பொருள் விஷுவல் பேசிக் 6-இல் இருந்தது. அந்த மொழியில் நிரல் எழுதும் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2008-லேயே ஆதரவை நிறுத்திவிட்டிருந்தாலும், எழுதி வைத்தது விண்டோஸில் சிக்கலின்றி ஓடிக்கொண்டிருந்ததால் அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. பிறகு எல்லாவற்றையும் சி ஷார்ப் மொழிக்கு மாற்றினோம். இணையப் பதிப்புக்காக ஆங்குலர்ஜேஎஸ் என்ற திரை எழுதும் கருவியைக் கற்றுக்கொண்டு முடிப்பதற்குள், 2016-இல், ஏறத்தாழ அதே பெயரில் முற்றிலும் வேறொன்றாக ஆங்குலர் 2 வந்து நின்றது. பழையதற்கான ஆதரவும் 2021 டிசம்பரோடு முடிந்தது. ரியாக்ட் என்ற இன்னொரு கருவிக்கு வந்தோம். அதிலும் 2019-இல் ஹூக்ஸ் என்ற புது எழுதுமுறை வந்த பிறகு அதற்கு முன் எழுதிய பாணி பழையதாகிப்போனது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, நான் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும் திரையை மதிய உணவுக்குள் முடித்துவிடுகிறார்.

இன்னொரு பக்கம், வரி எங்களை விட்டதே இல்லை. தமிழ்நாட்டு வாட் இருந்த காலத்தில் பெரும்பாலான பொருள்களுக்கு 5 அல்லது 14.5 சதவீதம் என்று நிரலுக்குள்ளேயே எண்ணாக எழுதி வைத்திருந்தார்கள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது அந்த எண்கள் இருந்த இடத்தையெல்லாம் தேடிப் பிடுங்கி, 5, 12, 18, 28 என்ற விகிதங்களை அட்டவணைக்கு நகர்த்தினோம். அதே ஆண்டு நவம்பர் 15-இல் ஓட்டல்களுக்கான வரி 5 சதவீதமாகக் குறைந்தபோது, விகிதம் மட்டும் அட்டவணையில் இருந்தால் போதாது, அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதும் கூடவே இருக்க வேண்டும் என்று தெரிந்தது. 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் வந்தது. 2020 அக்டோபரில் ரூ. 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய மின்-விலைப்பட்டியல், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் ரூ. 5 கோடிக்கு வந்தபோது எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் அதற்குள் அகப்பட்டார்கள். 2025 செப்டம்பர் 22-இல் 12, 28 ஆகிய விகிதங்கள் பெரும்பாலும் போய்விட்டன. அன்று எங்கள் மென்பொருளில் நிரல் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. செப்டம்பர் 10-ஆம் தேதி பழைய விகிதத்தில் விற்ற பொருள் அக்டோபரில் திரும்பி வந்தால், பழைய விகிதத்திலேயே கிரெடிட் நோட் விழ வேண்டும் என்பது உட்பட எல்லாம் தேதி அட்டவணையே பார்த்துக்கொண்டது.

என் கேள்வி இதுதான். இது நிரலாளரின் அனுபவமா, ஆடிட்டர் அலுவலகக் குமாஸ்தாவின் அனுபவமா? இதை நம்பி நிரலிலேயே இருக்கலாமா, மேலாளர் நாற்காலிக்குப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனமா?

சிறுசேரிவாசி எழுதியது:

பீளமேட்டு நண்பருக்கு வணக்கம். நான் சென்னையில் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினிகளின் பக்கம் இருப்பவன். ஆண்டைக் குறிக்க இரண்டே இலக்கம் வைத்திருந்த பழைய நிரல்களைத் திருத்த ஆள் தேடிய 1999-இல் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இன்றும் கோபால் (COBOL) என்ற நிரல் மொழியில்தான் எழுதுகிறேன். 1959-இல் உருவாகத் தொடங்கிய மொழி அது. அதை வைத்துக்கொண்டு நீ எதிர்காலத்துக்கு என்ன செய்வாய் என்று ஒவ்வோர் அப்ரைசலிலும் யாராவது என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் பலர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை.

உங்கள் பட்டியலில் ஆங்குலர், ரியாக்ட் வரிசையைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். அது வீட்டு வாடகை மாதிரி, கட்டித்தான் ஆக வேண்டும், சொத்தாகாது. நவம்பர் 2017-இல் தேதியை அட்டவணைக்குள் கொண்டுவந்தீர்களே, அதுதான் எண்ணிக்கொள்ள வேண்டியது. அதைக் குமாஸ்தா செய்திருக்க முடியாது. அவருக்கு வரி மாறியது தெரியும், அந்த மாற்றத்தை எங்கே வைத்தால் அடுத்த மாற்றத்தின்போது எதுவும் உடையாது என்பது தெரியாது. புதிதாக வந்த தம்பிக்கோ வரி இப்படி மாறிக்கொண்டே இருக்கும் என்பதே தெரியாது. இரண்டும் ஒரே தலையில் இருப்பதற்குத்தான் பத்தாண்டுகள் ஆகின்றன.

ஆனால் ஒரே உதாரணத்தை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். கூட இருந்தவர்கள் கைவிட்டுவிட்டு நீங்கள் கண்டுபிடித்த சிக்கல் ஒன்றைச் சொல்லுங்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதோடு.

திரும்பி வந்தவள் எழுதியது:

மேலாளர் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் இருந்து பார்த்திருக்கிறேன். 2018-இல் டீம் லீடாகி, பிறகு மேனேஜராகி, 2022-இல் கேட்டு வாங்கிக்கொண்டு நிரலுக்கே திரும்பினேன். அந்த வேலையை மட்டமாகப் பேச நான் வரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது, யார் வீட்டில் இணைய இணைப்பு இருக்கிறது, யார் வீட்டில் ஆறு பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள், யாருடைய மேசைக் கணினியை அலுவலகத்திலிருந்து எடுத்துப்போக அனுமதி வாங்க வேண்டும் என்று ஓடிய அந்த வாரங்களைப்போல நான் பயனுள்ளவளாக இருந்த காலம் வேறில்லை. ஆனால் சாதாரண மாதங்களில் என் நாள் முழுவதும் கூட்டங்களிலும் விடுப்பு அட்டவணையிலும் போனது. இரண்டு ஆண்டுகளில் குழுவின் நிரலைப் படித்தால் புரியாத நிலைக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு "இது எத்தனை நாள் ஆகும்" என்ற கேள்விக்கு, பிள்ளைகள் சொன்னதை மேலே ஒப்பிப்பதுதான் என் வேலை என்றாகிவிட்டது.

திரும்பி வரும்போது சம்பளம் குறையவில்லை, ஆனால் அடுத்த இரண்டு உயர்வுகள் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நான் ஏதோ தண்டனை வாங்கியதாகத்தான் தோன்றியது. நீங்கள் ஒப்புக்கொள்வதாக இருந்தால் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: ஓராண்டு முடிவில் விரும்பினால் பழைய நிலைக்கே திரும்பலாம் என்று. சிறு நிறுவனத்தில் இதைக் கேட்பது எளிது. பெரிய இடங்களில் எச்ஆர் சிரிப்பார்கள்.

பீளமேட்டுக்காரன் எழுதியது:

சிறுசேரி ஐயாவுக்கு நன்றி. நீங்கள் கேட்டபடி ஒன்றைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்த மறு ஆண்டு, வாட் இருந்த காலம். ஒரு கடையில் தினசரி பில்களின் வரித் தொகையும் மாதக் கடைசி அறிக்கையின் வரித் தொகையும் ஒத்துப்போகவில்லை. சில ரூபாய்தான் வித்தியாசம். எங்கள் பக்கத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் கடையின் கணக்கம்மா விடவில்லை. ஒரு மாதத்து பில்களையெல்லாம் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, வேறுபட்டவற்றைச் சிவப்பு மையால் சுழித்துக் கட்டாகக் கட்டி என் கையில் கொடுத்தார். அந்தக் கட்டை இரண்டு நாள் புரட்டிக்கொண்டிருந்தேன். சுழித்திருந்த ஒவ்வொன்றிலும் வரி சரியாக அரைப் பைசாவில் முடிந்தது. ஆனால் அரைப் பைசாவில் முடிந்த பில்கள் எல்லாம் சுழிக்கப்படவில்லை, ஏறத்தாழப் பாதிதான்.

விடை அந்தப் பாதியில் இருந்தது. ரூ. 12.50 விலையுள்ள பொருளுக்கு 5 சதவீத வரி 0.625. தொகையைப் பைசாவுக்கு முழுமையாக்கும் விஷுவல் பேசிக்கின் ரவுண்ட் கட்டளை, சரிபாதியாக வரும்போது அருகிலுள்ள இரட்டைப்படை இலக்கத்துக்குப் போகும்; எனவே 0.62. அறிக்கையோ எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் கணக்கிடப்பட்டது, அங்கே பாதி எப்போதும் மேலே போகும், எனவே 0.63. முன்னிலக்கம் ஒற்றைப்படையாக இருந்தால் இரண்டும் ஒரே விடையைத் தரும், அந்த பில்கள் தப்பித்தன. இரண்டு நிரலும் தத்தம் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தன.

இதைத் தெரிந்துகொண்டிருந்ததால் ஜிஎஸ்டி வந்தபோது முதலில் கேட்ட கேள்வியே ரவுண்டிங்தான். ரூ. 33.30 வீதம் மூன்று பொருள்கள் உள்ள பில்லுக்கு 18 சதவீதம் போடுங்கள். மொத்தத்தின் மேல் போட்டால் 17.98. ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகப் போட்டு ரவுண்ட் செய்து கூட்டினால் 17.97. ஒவ்வொரு பொருளுக்கும் 9 சதவீதம் மத்திய வரி, 9 சதவீதம் மாநில வரி என்று தனித்தனியாக ரவுண்ட் செய்து கூட்டினால் 18.00. அதனால் எந்த முறையில் கணக்கிட்டாலும், கணக்கிட்ட தொகையை பில்லோடு சேமித்துவிட வேண்டும், எந்த அறிக்கையும் அதை மறுபடி கணக்கிடக் கூடாது என்று விதி வைத்தோம். அந்த விதி இன்றுவரை நிற்கிறது.

நேர்காணல் மேசை எழுதியது:

இதுவரை எல்லோரும் நண்பருக்கு இனிப்பாகவே சொல்லிவிட்டதால், கசப்பையும் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சென்னையில் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்காக வாரந்தோறும் நேர்காணல் எடுப்பவன். நீங்கள் மேலே எழுதிய ரவுண்டிங் கதையைக் கேட்டால் நான் எழுந்து நின்று கைகுலுக்குவேன். ஆனால் என் மேசைக்கு முன்னால் நீங்கள் வந்து உட்காரவே மாட்டீர்கள். "பில்லிங் மென்பொருள், பத்தாண்டு, ஒரே நிறுவனம்" என்ற ஒரு வரியைப் பார்த்து உங்கள் விண்ணப்பத்தை அதற்கு முன்பே ஒதுக்கிவிடுவார்கள். தாண்டி வந்தாலும் முதல் சுற்றில் மர அமைப்புகள், வரைபட வழித்தேடல் என்று தரவை அடுக்கும், தேடும் முறைகளைக் கேட்பார்கள். அந்த முறை சரியென்று நான் வாதிடவில்லை. அதுதான் நடைமுறை.

சிறுசேரி ஐயா சொல்லும் கோபால் வேலைக்கு உலகெங்கும் வங்கிகள் இருக்கின்றன. இந்திய ஜிஎஸ்டி தெரிந்தவருக்கு இந்தியாவுக்கு வெளியே அந்த அறிவு செல்லாது. ஆகவே அதை ஜிஎஸ்டி என்று சொல்லாதீர்கள். காலத்தோடு மாறும் விதிகளைப் பழைய ஆவணங்கள் கெடாமல் கையாளுவது என்று சொல்லுங்கள். காப்பீடு, சம்பளப் பட்டியல், கடன் வட்டி எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். அங்கே ஆள் தேடுகிறார்கள். மாலையில் ஒரு மணி நேரம் அந்த மர அமைப்புகளையும் படியுங்கள், அவமானம் ஒன்றுமில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பயத்தில் பாதி நியாயமானது. திரை எழுதும் வேலைக்கு இனி பழைய மதிப்பு திரும்பாது. ரவுண்ட் செய்யும் நிரலையும் அது ஒரு நொடியில் எழுதித் தரும். ஆனால் அந்தக் கணக்கம்மாவின் சிவப்புச் சுழிகளில் பாதி பில்கள் ஏன் இல்லை என்ற கேள்வி அதனிடம் யாராவது கொண்டுபோனால்தான் போகும்.

சிறுசேரிவாசி எழுதியது:

நேர்காணல் நண்பர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பத்தாண்டு ஒரே இடத்தில் இருந்தவரை ஒரு வரியில் ஒதுக்குகிற நிறுவனத்துக்கு அவர் போகத்தான் வேண்டுமா? இருக்கும் இடத்தில், மேலாளர் ஆகாமலே மேலான சம்பளம் உள்ள ஒரு பதவியை அவரால் கேட்டு உருவாக்க முடியும். கோவையில் இவருக்குப் பதில் ஆள் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்கும். நோட்டீஸ் கொடுக்காமலே அதைப் பேசிவிடலாம்.

பீளமேட்டு நண்பரே, கோபாலில் காசை இரண்டிரண்டு இலக்கமாக ஒரு பைட்டில் அடைத்து வைப்போம்; பதின்மக் கணக்கு என்பதால், பைனரிப் பின்னத்தில் காசு துல்லியமாக நிற்காத தொல்லை இல்லை. சி ஷார்ப்பில் டெசிமல் வகைக்கு மாறியபோது அது உங்களுக்கும் தீர்ந்திருக்கும். ரவுண்டிங்கையும் மாற்றினீர்களா? அங்கேயும் மேத்.ரவுண்ட் கட்டளை, வேறு மாதிரி செய் என்று சொல்லாவிட்டால் இரட்டைப்படைக்குத்தான் போகும்.

பீளமேட்டுக்காரன் எழுதியது:

மாற்றிவிட்டோம், ஐயா. எல்லா இடத்திலும் அவே-ஃப்ரம்-ஸீரோ (பாதி வந்தால் மேலே) என்று வெளிப்படையாகக் கொடுத்து, அதைச் சுற்றி ஒரே ஒரு செயல்பாடு எழுதி, வேறு எங்கேயும் மேத்.ரவுண்ட் வந்தால் நிரல் தொகுப்பே (பில்ட்) நின்றுவிடும்படி செய்திருக்கிறோம். புதுத் தம்பிக்கு வாரம் ஒருமுறையாவது நின்றுவிடுகிறது. கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தருவதை அப்படியே ஒட்டுகிறார்.

திங்கட்கிழமை முதலாளியிடம் பேசப் போகிறேன். மேலாளர் பதவி வேண்டாம், வரிப் பகுதியின் வடிவமைப்பு முழுவதும் என் பொறுப்பில் இருக்கட்டும், சம்பளத்தை மேலாளருக்கு நிகராக வையுங்கள் என்று கேட்பதாக இருக்கிறேன். மறுத்தால், திரும்பி வந்த சகோதரி சொன்ன ஓராண்டு நிபந்தனையை எழுத்தில் கேட்பேன். மர அமைப்புகளைப் படிக்க நல்ல தமிழ் காணொளித் தொடர் எதுவும் தெரிந்தால் யாராவது இங்கே எழுதுங்கள்.