புதிய காற்றுப் பம்பின் இரைச்சல் தங்கமீன்களைப் பாதிக்குமா?

கேள்வி:
வணக்கம். ஆறு தங்கமீன்கள் உள்ள தொட்டிக்குச் சற்றுப் பெரிய காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி, தொட்டி இருக்கும் அதே பலகையில் வைத்தேன். அன்று முதல் மீன்கள் எதிர்மூலையில், அடித்தளத்தை ஒட்டி ஒதுங்கி நிற்கின்றன. முன்பு என் நிழல் பட்டதுமே மேலே வந்துவிடும் இவை, இப்போது தீனி கண்முன்னே அமிழ்ந்து போனாலும் அசைவதில்லை. சோதித்துப் பார்த்ததில் நீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. ஆனால் கண்ணாடியில் கை வைத்தால் அதிர்வு விரல் நுனியில் தெரிகிறது. இந்த ஒலி மீன்களுக்குக் கேட்குமா? கேட்டால் உடல்நலம் கெடுமா?

பதில் 1:
நன்றாகவே கேட்கும். தங்கமீன், கெண்டை, கெளுத்தி ஆகியவற்றின் காற்றுப்பையையும் உட்செவியையும் வெபர் எலும்புகள் என்னும் சிறு எலும்புகள் இணைப்பதால், காற்றுப்பை ஏற்கும் அதிர்வு செவிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சில நூறு ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கேட்கும் மீன்கள் பல இருக்க, இவை 3,000 ஹெர்ட்ஸ் ஒலியையும் உணர்கின்றன. இது போக, உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு அருகிலுள்ள நீரின் அசைவையும் அறிந்துகொள்ளும்.

2004-இல் வெளியான ஆய்வொன்றில் தங்கமீன்களை 160 முதல் 170 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். (நீருக்குரிய டெசிபல் அளவுகோல் வேறு என்பதால் இதைக் காற்றில் கேட்கும் ஒலியோடு ஒப்பிடக் கூடாது.) பத்தே நிமிடத்தில் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் உயர்ந்தது, ஆனால் அந்த உயர்வு நீடிக்கவில்லை. கேள்திறன்தான் பெரிதும் பாதிக்கப்பட்டது: ஒரு நாளில் சுமார் 28 டெசிபல் குறைந்தது, 21 நாள் இரைச்சலில் இருந்த மீன்களுக்குப் பழைய நிலை திரும்ப 14 நாட்கள் ஆயின. மீன்களின் செவியில் சேதமான உணர்மயிர் செல்கள் மீண்டும் முளைக்கும் என்பது ஆறுதலான செய்தி.

பதில் 2:
மேலே உள்ளதை ஏற்கிறேன். ஆயினும் எல்லா மீனுக்கும் அதைப் பொருத்திவிட வேண்டாம். வானவில் ட்ரவுட் மீன்களைப் பல மாதங்கள் 150 டெசிபல் வரையிலான பண்ணை இரைச்சலில் வளர்த்தபோதும் வளர்ச்சியோ கேள்திறனோ குன்றவில்லை. ஒலியின் தன்மையும் முக்கியம். 2006-இல் கெண்டை உள்ளிட்ட மூன்று ஆற்று மீன்களில் நடந்த ஆய்வில், ஏறி இறங்கும் படகு இரைச்சல் கார்டிசாலை உயர்த்தியது. ஒரே சீரான இரைச்சல் உயர்த்தவில்லை. ஆகவே உங்கள் பம்ப் விட்டுவிட்டு உறுமுகிறதா என்று கவனியுங்கள்.

எப்படியிருந்தாலும் பம்பை இன்றே அந்தப் பலகையிலிருந்து எடுத்து, தனி முக்காலியில், தடித்த பஞ்சின் மேல் வையுங்கள். அது நீர்மட்டத்துக்குக் கீழே அமையுமானால், மின்சாரம் நிற்கும்போது நீர் பின்னோக்கி வராதபடி குழாயில் தடுப்பு வால்வு கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பம்பை மாற்றி வைத்து நான்கு நாட்களாகின்றன. கண்ணாடியில் அதிர்வு தெரியவில்லை. இன்று காலை நான்கு மீன்கள் மேலே வந்து தீனி எடுத்தன. மற்ற இரண்டும் மூலையை விட்டு நடுத்தொட்டி வரை வந்திருக்கின்றன.