ஒசாகாவில் கேப்ஸ்யூல் ஹோட்டல்: கணவன் மனைவியாகத் தங்கலாமா?

கேள்வி:
ஏப்ரலில் கணவரும் நானும் டோக்கியோ, ஒசாகா, கியோட்டோ ஆகிய ஊர்களுக்குச் செல்லவிருக்கிறோம். ஒசாகாவில் ஓர் இரவு மட்டும் கேப்ஸ்யூல் ஹோட்டலில், அதாவது அறைக்குப் பதிலாக ஒருவர் படுக்கும் அளவே உள்ள கூடுகளை மேலும் கீழுமாக அடுக்கியிருக்கும் விடுதியில், தங்கிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் ஆறடி உயரம். எனக்கோ லிஃப்ட் நடுவில் நின்றாலே மூச்சு முட்டும். போதாக்குறைக்கு இரண்டு பெரிய பெட்டிகள் வேறு. தங்கிய அனுபவமுள்ளவர்கள் விவரம் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
ஒரே ஹோட்டலில் பதிவு செய்தாலும் பெரும்பாலும் நீங்கள் சேர்ந்து தங்க முடியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தளங்கள், பல இடங்களில் லிஃப்ட்டும் தனி. கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஊழியர்களை நம்பி வளர்ந்த தொழில் என்பதால், ஆண்களை மட்டுமே ஏற்கும் ஹோட்டல்கள் இன்றும் உள்ளன. உலகின் முதல் கேப்ஸ்யூல் ஹோட்டல் 1979இல், கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் வடிவமைப்பில், ஒசாகாவின் உமேதா பகுதியில்தான் திறக்கப்பட்டது. அந்த வகையில் உங்கள் கணவர் சரியான ஊரைத்தான் பிடித்திருக்கிறார்.

உள்ளே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் இருக்கும். ஆறடிக்காரர் காலை நீட்டிப் படுக்கலாம், ஆனால் சட்டையை மாற்றக்கூட வெளியே வந்துதான் ஆக வேண்டும். உங்கள் பயத்துக்கு ஆறுதலான செய்தி, கேப்ஸ்யூலுக்குப் பூட்டும் கதவு கிடையாது என்பதே. ஜப்பானியச் சட்டம் இதைத் தனி அறையாகக் கருதாமல், பலர் சேர்ந்து தங்கும் எளிய விடுதி வகையில் வைத்திருப்பதால், கால்மாட்டில் ஒரு திரையை இறக்கிவிடுவதோடு சரி. வேண்டும்போது சற்றே தூக்கி வைத்துக்கொள்ளலாம். கீழ் வரிசையைக் கேட்டு வாங்குங்கள், ஏணி ஏற வேண்டியிருக்காது.

பதில் 2:
திரை மட்டும்தான் என்றால் சத்தம் முழுவதும் உள்ளே வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பக்கத்துக் குறட்டையையாவது பொறுத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் யாரோ ஒருவர் பிளாஸ்டிக் பையைக் குடைந்துகொண்டே இருப்பதைத்தான் தாங்க முடியாது. காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். குளியலும் பல இடங்களில் பொதுக் குளியல்தான், அதில் ஆடையின்றித்தான் இறங்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தயங்குவது இதற்குத்தான். தனி ஷவர் உண்டா என்று பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பச்சை குத்தியிருந்தால் குளியலுக்கு அனுமதி மறுக்கும் இடங்களும் உண்டு.

பதில் 3:
பெரிய பெட்டி அங்குள்ள லாக்கரில் நுழையாது. டோக்கியோ ஹோட்டலின் வரவேற்பு மேசையில் கொடுத்து, கூரியர் மூலம் நேரே கியோட்டோ ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். பொதுவாக மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். ஒசாகாவுக்கு முதுகுப்பை போதும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அவர் கேப்ஸ்யூலிலும் நான் அருகில் ஒரு பிசினஸ் ஹோட்டலிலும் தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். பெட்டியைக் கிளம்பும் அன்று காலையில் ஒப்படைத்தால் போதுமா?

பதில் 3:
போதும், ஆனால் அன்றைய வண்டியில் ஏற்றுவதற்கு ஹோட்டலுக்கு ஹோட்டல் ஒரு நேர வரம்பு இருக்கும். முந்தைய இரவே கேட்டு, கியோட்டோ ஹோட்டலின் முகவரியோடு நீங்கள் அங்கே தங்கும் தேதியையும் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.