திருமணமாகாத பெண் தத்தெடுப்பது: அண்ணன் சம்மதம் எந்த அளவுக்குத் தேவை?

பொருநை எழுதியது:

எனக்கு 39 வயது. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை, இனிச் செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை. ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்க வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே நினைத்து வந்தேன். அம்மா முதலில் அழுதார், பிறகு சம்மதித்துவிட்டார். அண்ணன் மட்டும் இன்றுவரை ஒப்பவில்லை. "என் பிள்ளைகள் உன் பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்கிறார்.

மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் விதிகளின்படி, தனியாக விண்ணப்பிப்பவர் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெற வேண்டுமானால் 40 வயதைக் கடந்திருக்கக் கூடாது. எனவே எனக்குக் காலம் குறைவு. விண்ணப்பத்துடன், எனக்கு ஏதேனும் நேர்ந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக உறவினர் ஒருவர் எழுதித் தரும் உறுதிமொழியையும் இணைக்க வேண்டும். அதில் கையெழுத்திட அண்ணன் மறுக்கிறார். பிறந்த குடும்பத்தை வருந்தச் செய்து எனக்கென்று ஒரு குடும்பத்தைத் தொடங்குவது சரியா என்று இங்குள்ளவர்களிடம் கேட்கிறேன்.

காவிரிக்கரையான் எழுதியது:

அம்மா, நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியில் உங்கள் மகிழ்ச்சி இருக்கிறது, அம்மாவின் கண்ணீர் இருக்கிறது, அண்ணனின் மறுப்பும் இருக்கிறது. வரப்போகும் குழந்தையின் பக்கம் மட்டும் இல்லை. அந்தக் குழந்தை பத்தாம் வகுப்பு எழுதும்போது உங்களுக்கு 55 வயதைத் தாண்டியிருக்கும். உங்கள் அம்மா இருப்பாரோ, மாட்டாரோ. நம் ஊரில் காதுகுத்து என்றால் குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்கிறோம். சடங்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தந்தை இல்லாத வீட்டில் தாய்மாமன்தான் அரண். அந்த மாமனே வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்குள் ஒரு குழந்தையைக் கொண்டுவருவதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு கேட்கும் உறுதிமொழியும் இந்தக் கவலையைத்தான் வேறு வார்த்தைகளில் கேட்கிறது.

நொய்யல் எழுதியது:

நான் கோவையைச் சேர்ந்தவள். திருமணமாகாதவள், தத்தெடுத்த தாய். என் மகள் ஐந்து வயதில் வீட்டுக்கு வந்தாள். தொடக்கத்தில் சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஒரு சப்பாத்தியை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். யார் வீட்டுக்கு வந்தாலும், தன்னை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார்களோ என்று என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். நான் கண்டிக்கவில்லை. சமையலறையில் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு டப்பாவை வைத்து, அதில் உள்ளது முழுவதும் அவளுக்கே என்று மட்டும் சொன்னேன். ஒளிப்பது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் அந்த டப்பாவிலிருந்து எனக்கு ஒரு முறுக்கை எடுத்து நீட்டினாள். இப்போது வீட்டுப்பாடத்துக்காக என்னுடன் சண்டையிட்டுக் கதவை அறைந்து சாத்துகிறாள், அதில் எனக்குச் சொல்ல முடியாத நிம்மதி. தன்னை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று நம்பும் குழந்தைக்குத்தான் கதவை அறைந்து சாத்தும் தைரியம் வரும்.

தாய்மாமன் பற்றி ஐயா எழுதியதற்கு ஒரு பதில் உண்டு. விண்ணப்பித்தபோது என் தந்தை என்னுடன் பேசுவதையே நிறுத்தியிருந்தார். அவருடைய சம்மதத்துக்குக் காத்திருந்தால் இன்றும் காத்துக்கொண்டுதான் இருப்பேன். பள்ளி வேன் வரும் நேரத்துக்கு இப்போது தெருமுனையில் போய் நிற்பவர் அவர்தான். வராத குழந்தையை மறுப்பது எல்லோருக்கும் எளிது. எதிரில் வந்து நின்று "தாத்தா" என்று கூப்பிட்ட பிறகு மறுப்பதுதான் கடினம்.

காவிரிக்கரையான் எழுதியது:

நொய்யல் அம்மையாரின் மகளைப் பற்றிப் படித்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் மனம் மாறிய தாத்தாக்கள் மட்டும்தான் இப்படிப்பட்ட கதைகளில் வருகிறார்கள். மாறாதவர்களின் வீட்டுப் பிள்ளைகள் விவாதக் குழுக்களில் எழுதுவதில்லை. நடிகை சுஷ்மிதா சென் திருமணமாகாமலே 2000ஆம் ஆண்டில் மகளைத் தத்தெடுத்தாரே என்று உதாரணம் காட்டுவோரும் உண்டு. அவருக்கு இருக்கும் வசதியும் ஆள்பலமும் ஒரு கல்லூரி ஆசிரியைக்கு இல்லை.

வைகை வழக்குரைஞர் எழுதியது:

சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். திருமணமாகாத இந்துப் பெண் தத்தெடுக்கும் உரிமை 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. விந்தை என்னவென்றால், கணவனுடன் வாழும் மனைவி தன் பெயரில் தத்தெடுக்கும் உரிமையைப் பெறுவதற்கு 2010ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று காராவின் வழியாக நடக்கும் தத்தெடுப்புக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் விதிமுறைகளும் பொருந்தும். தனி ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது, தனிப் பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. இறுதி ஆணையை முன்பு நீதிமன்றம் வழங்கியது, இப்போது மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். உறுதிமொழியை அண்ணன்தான் தர வேண்டும் என்று எங்கும் இல்லை. தனியாக வசிக்கும் அண்ணனின் எதிர்ப்பு சட்டப்படி தடையும் ஆகாது. பள்ளியிலும் கடவுச்சீட்டு அலுவலகத்திலும் தந்தை பெயரைக் கேட்டு அலைக்கழிப்பார்களே என்று சிலர் அஞ்சுவார்கள். கடவுச்சீட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும் என்று 2016 இறுதியில் அறிவித்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், யாருக்கும் கசக்கலாம். பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக ஒரு பெண்ணுக்கு வந்த சொத்து, அவர் பிள்ளையின்றி, உயில் எழுதாமல் இறந்தால், தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. பெரும்பாலும் அது உடன்பிறந்தவர்களைச் சேரும். தத்துப் பிள்ளை வந்துவிட்டால் அது அந்தப் பிள்ளைக்குப் போகும். திருமணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாடு 1989லேயே தந்துவிட்டது. ஆகவே "என் பிள்ளைகளையே உன் பிள்ளைகளாக நினைத்துக்கொள்" என்ற அன்பான வாக்கியத்துக்கு ஒரு பத்திர மதிப்பும் இருக்கிறது. பொருநையின் அண்ணன் அப்படி எண்ணுகிறார் என்று நான் கூறவில்லை. என் மேசைக்கு வந்த பல அண்ணன்கள் அப்படித்தான் எண்ணினார்கள்.

தனிப்பனை எழுதியது:

நான் வேறொரு பக்கத்திலிருந்து எதிர்க்கிறேன். ஊரும் உறவும் நெருக்கியும் திருமணத்தை மறுத்து நின்ற ஒரு பெண், குழந்தை இல்லாவிட்டால் வாழ்க்கை நிறையாது என்ற அதே ஊரின் எண்ணத்தை மட்டும் ஏன் சுமந்துகொண்டிருக்க வேண்டும்? நானும் தனியாகத்தான் வாழ்கிறேன். என் மாலைகளை யாருக்கும் கணக்குக் காட்டாமல் செலவிடுவதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. இது உங்கள் விருப்பம்தானா, அல்லது அம்மாவுக்கு ஈடு செய்ய நினைக்கிறீர்களா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரையான் எழுதியது:

மறுக்கும் அண்ணன்களெல்லாம் சொத்துக்காகவே மறுக்கிறார்கள் என்று வழக்குரைஞர் தொனிக்க எழுதியது நியாயமில்லை. தங்கைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தக் குழந்தையின் பொறுப்பு தன் மனைவியின் தலையில் விழும் என்று அஞ்சுகிறவரும் இருக்கலாம். அந்த அச்சத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டு வேறு காரணம் சொல்வார்கள்.

பொருநை அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பச்சிளம் குழந்தைக்காக நாடு முழுவதும் தம்பதியர் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வரிசையில் காத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் நீங்களும் போய் நின்றால் எந்த அநாதைக் குழந்தைக்கும் புதிதாக ஒரு தாய் கிடைத்துவிடப் போவதில்லை. ஆள் வராமல் காத்திருப்பவர்கள் வளர்ந்த குழந்தைகள்தான். நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தையைத் தனி விண்ணப்பதாரர் 50 வயது வரை பெறலாம் என்று அதே விதிகள் சொல்கின்றனவே. அப்படியானால் உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை. அண்ணனுடன் பேசிப் பார்க்க இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன.

நொய்யல் எழுதியது:

வளர்ந்த குழந்தைகளைப் பற்றி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். "பல ஆண்டுகள் இருக்கின்றன" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. காத்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த ஆண்டுகளில் எட்டு வயது ஆகிவிடும்.

பொருநை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தனிப்பனை அவர்களே, அம்மாவுக்கு ஈடு செய்வதற்காக அல்ல. என் தனிமை எனக்குப் பிடித்தே இருக்கிறது. வகுப்பில் ஒரு பெண் திடீரென்று கணக்கைப் புரிந்துகொள்ளும் கணத்தில் எனக்குள் எழும் மகிழ்ச்சியை, ஒரு பிள்ளை வளரும் வீட்டில் நாள்தோறும் காண விரும்புகிறேன். இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை, வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஐயா, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். கைக்குழந்தைதான் வேண்டும் என்று நான் நினைத்ததற்குக் காரணம் பயம். வளர்ந்த குழந்தைக்கு முந்தைய வாழ்க்கையின் நினைவு இருக்கும், அதனால் என்னை அம்மா என்று ஏற்காது என்று அஞ்சினேன். நொய்யல் அவர்களின் டப்பாவைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பயம் குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. எந்த வயது என்பதை அம்மாவுடன் பேசி முடிவு செய்வேன். உறுதிமொழியில் சித்தி மகள் கையெழுத்திடுகிறாள். அவள் தூத்துக்குடியில் செவிலியராக இருக்கிறாள். கேட்ட உடனே, எங்கே கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். வரும் வாரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய் விவரம் கேட்கப் போகிறோம். அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன், இம்முறை அனுமதியாகக் கேட்கவில்லை, செய்தியாகச் சொன்னேன்.

காவிரிக்கரையான் எழுதியது:

என் கருத்து மாறவில்லை அம்மா. ஆனாலும் வீட்டு ஆய்வுக்குச் சமூகப் பணியாளர் வரும்போது குடும்பத்தினரிடமும் பேசுவார்கள். அண்ணனின் எதிர்ப்பை மறைக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், பிறகு தெரியவந்தால் உங்களுக்கு எதிராக நிற்கும். சித்தி மகளுக்குத் திருமணமாகியிருந்தால் அவருடைய கணவரிடமும் கலந்து பேசிவிடுங்கள்.