புதிதாக வரும் இலகுரக விமானத்துக்கு இப்போதே முன்பணம் கட்டலாமா?

காற்றுத்திசை:

எல்லோருக்கும் வணக்கம். வயது 34. தனியார் பைலட் உரிமம் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. மொத்தம் 190 மணி நேரம் பறந்திருக்கிறேன், எல்லாமே வாடகை செஸ்னா 172-இல். சொந்தமாக ஒன்று வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு புதிய நிறுவனம் நான்கு இருக்கை கொண்ட கார்பன் ஃபைபர் விமானம் ஒன்றை அறிவித்திருக்கிறது. மாதிரி விமானம் பறப்பதை வீடியோவில் பார்த்தேன். எஞ்சினும் புதிது, டீசல். வேகம் 170 நாட் (மணிக்கு 170 கடல் மைல்) என்று போட்டிருக்கிறார்கள். விற்பனைக்கு வேண்டிய விமானப் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, பதினெட்டு மாதத்தில் வந்துவிடும் என்கிறார்கள். விலையில் 20 சதவீதம் இப்போது கட்டினால் வரிசை எண் 14 எனக்கு. முதல் ஐம்பது பேருக்கான விலை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. தூக்கத்திலும் அந்த விமானம்தான் வருகிறது. அவசரப்படுகிறேனா?

மேகத்தாரை:

யாராவது முதலில் வாங்கினால்தானே புது விமானம் என்று ஒன்று வரும்? 1999-இல் சிர்ரஸ் எஸ்ஆர்20 வாடிக்கையாளர் கைக்கு வந்தபோது, விமானத்துக்கே பாராசூட் என்பதைப் பலர் ஏற்கவில்லை. அன்று துணிந்து வாங்கியவர்கள் இருந்ததால்தான் அந்த நிறுவனம் நின்றது. நிறுவனத்தை நேரில் போய்ப் பாருங்கள், மனசுக்குப் பட்டால் கட்டுங்கள்.

ஹேங்கர்வாசி:

தம்பி, நான் பைலட் இல்லை. இருபத்திரண்டு வருடமாக இலகுரக விமானங்களைப் பிரித்துப் பூட்டுகிறவன். மேகத்தாரை சொன்னதும் உண்மைதான், அந்தத் துணிச்சலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று ‘புதிது’ இருக்கிறது: புது நிறுவனம், புது உடல், புது எஞ்சின். ஒன்று புதிதாக இருந்தால் சமாளிக்கலாம். மூன்றும் சேர்ந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எக்லிப்ஸ் 500 கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். சின்ன ஜெட், பத்து லட்சம் டாலருக்குள் கிடைக்கும் என்று சொல்லி வரிசையில் ஆள் பிடித்தார்கள். 2002 ஆகஸ்டில் முதல் பறத்தல். அதற்கென்றே உருவான வில்லியம்ஸ் எஞ்சின் சரிப்படாமல் அதே ஆண்டு நவம்பரில் கைவிட்டார்கள். பிராட் அண்ட் விட்னி கனடா எஞ்சினுக்கு மாறி, 2006 செப்டம்பரில்தான் சான்றிதழ் வந்தது. முதலில் கைக்கு வந்த விமானங்களுக்குப் பனி உறையும் வானிலையில் பறக்க அனுமதிகூட இல்லை. விலை 2008-இல் இருபது லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த நவம்பரிலேயே திவால் மனு. சுமார் 260 விமானங்கள் வெளியே போயிருந்தன. வரிசையில் நின்றவர்களின் முன்பணம் போனது.

ஏன் போகிறது தெரியுமா? முன்பணம் கட்டுகிறபோது நாம் விமானம் வாங்குவதாக நினைக்கிறோம். சட்டக் கணக்கில் அது நாம் நிறுவனத்துக்குக் கொடுத்த ஈடில்லாக் கடன். நிறுவனம் மூழ்கினால், சொத்தை ஈடாகப் பிடித்துக் கடன் கொடுத்தவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். நாம் நிற்பது வரிசையின் வாலில். உங்கள் பணம் விமானம் கைக்கு வரும்வரை மூன்றாவது ஒருவரிடம், எஸ்க்ரோ கணக்கில் பூட்டிக் கிடக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

எஞ்சின் விஷயத்துக்கு வருகிறேன், என் பிழைப்பு அதுதான். டயமண்ட் நிறுவனத்தின் டிஏ42, இரட்டை எஞ்சின், நல்ல விமானம், நானே வேலை பார்த்திருக்கிறேன். அதில் வந்த தீலர்ட் டீசல் எஞ்சின் அன்று புதுமை. 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் ஒன்று, பேட்டரி இறங்கியிருந்ததால் வெளி மின்சாரம் கொடுத்துக் கிளப்பப்பட்டது. மேலே ஏறியதும் சக்கரத்தை உள்ளே இழுக்கிற மோட்டார் மின்சாரத்தை உறிஞ்ச, மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. எஞ்சின்களை ஆள்கிற கணினிகள் அந்தக் கணத்தில் அணைந்து மீண்டும் தொடங்கின. இரண்டு எஞ்சினும் ஒன்றாக நின்றன. உள்ளே இருந்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். அந்தக் கோளாறு கெட்ட எண்ணத்தாலோ சோம்பலாலோ வந்ததல்ல. சோதனைக் கூடத்தில் யாருக்கும் தோன்றாத ஒரு சேர்க்கை அது. இப்படிப்பட்டவை வெளிப்படுவது வாங்கியவர்கள் கையில்தான்.

மறு வருடம் ஏப்ரலில் தீலர்ட் நிறுவனமே நொடித்தது. பழைய உத்தரவாதங்களை நிர்வாகத்துக்கு வந்தவர்கள் ஏற்கவில்லை. அந்த எஞ்சினில் கியர்பாக்ஸை சில நூறு மணிக்கு ஒருமுறை கழற்றியாக வேண்டும். அந்தச் செலவு அப்படியே உரிமையாளர் தலையில் விழுந்தது. டயமண்ட் சொந்தமாக ஆஸ்ட்ரோ எஞ்சின் கொண்டுவந்து நிமிர்ந்தது. ஏற்கெனவே வாங்கியிருந்தவர்கள் பட்ட பாடு பட்டதுதான்.

பெரிய பெயர் இருந்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். செஸ்னா 162 ஸ்கைகேட்சர், 2007-இல் 1,09,500 டாலர் என்று அறிவித்தார்கள். விமானம் சுழன்றுகொண்டே விழும் நிலையிலிருந்து மீள்கிறதா என்று பார்க்கும் சுழல் சோதனையில் இரண்டு சோதனை விமானங்கள் விழுந்து போயின, 2008-இல் ஒன்று, 2009-இல் ஒன்று. வாலை மாற்றினார்கள். 2011-இல் விலை 1,49,900. பிறகு உற்பத்தியையே நிறுத்தி, விற்காமல் கிடந்தவற்றை உடைத்துப் போட்டார்கள். ஆனால் செஸ்னா மூழ்கவில்லை, வாங்கியவர்களுக்கு அந்த ஒரு ஆறுதல் இருந்தது.

என் ஹேங்கருக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இரண்டு இருக்கை, வரிசை எண் இருபதுக்குள். எழுபது மணி பறந்ததும் முன்சக்கரக் காலில் மயிரிழை விரிசல். உதிரிபாகம் வர பதினொரு வாரம். வந்தது பொருந்தவில்லை. அதற்குள் தொழிற்சாலையில் வரைபடத்தை மாற்றிவிட்டிருந்தார்கள், போல்ட் துளைகள் மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தன. எங்கள் விமானம் எந்த வரைபடப்படி செய்தது என்று அவர்களிடமே சரியான பதிவு இல்லை. அந்த உரிமையாளர் ஞாயிறுதோறும் வருவார். கதவைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், ஒன்றும் கேட்காமல் போவார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் கேட்கிறேன்: மாதிரி விமானம் இதுவரை எத்தனை மணி பறந்திருக்கிறது? எந்த எஞ்சினோடு?

தாழ்வாரம்:

காப்பீட்டையும் பாருங்கள். விபத்துக் கணக்கே இல்லாத வகைக்குக் காப்பீட்டாளர் தயங்குவார், 190 மணி அனுபவத்துக்குக் கூடுதல் பயிற்சி கேட்பார். இன்னொன்று, வெற்று எடை, அதாவது ஆளும் எரிபொருளும் இல்லாத எடை. மாதிரியை விட விற்பனைக்கு வருகிற விமானம் பெரும்பாலும் கனமாகவே வரும். அதிகபட்ச எடை மாறாது. டேங்க் நிரப்பினால் நாலாவது இருக்கைக்கு ஆள் ஏற்ற முடியாமல் போகலாம். பயன் சுமை எத்தனை கிலோ என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். குறைந்தால் பணம் திரும்ப வேண்டும் என்றும்.

காற்றுத்திசை:

அண்ணா, நீங்கள் சொன்னபடி நேற்று அவர்களிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். முன்பணம் தனிக் கணக்கில் இருக்காதாம், சான்றிதழ் செலவுக்குப் போகுமாம். பயன் சுமையை ஒப்பந்தத்தில் எழுத மாட்டார்களாம். மாதிரி விமானம் 62 மணி பறந்திருக்கிறது. ஆனால் அது டீசல் இல்லை, வழக்கமான லைகாமிங் பெட்ரோல் எஞ்சினோடு. டீசல் பொருத்தியது இன்னும் தரையில்தான் இருக்கிறது.

ஹேங்கர்வாசி:

அப்படியானால் அந்த 170 நாட்டை எந்த எஞ்சினில் அளந்தார்கள் தம்பி?

காற்றுத்திசை:

அதையும் கேட்டேன் அண்ணா. அளக்கவில்லை, கணக்கிட்டது என்றார்கள். கையெழுத்துப் போடவில்லை. டயமண்டின் பழைய டிஏ40 விமானம் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, 1,900 மணி ஓடியது. பராமரிப்புப் பதிவேட்டின் நகலை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.