குரோம் கிரில்லுக்கு உரிக்கிற ரப்பர் ஸ்ப்ரே, வீட்டுலயே அடிக்கலாமா?

தெப்பக்குளம் டிசையர்:
மக்களே, வண்டி முன்னாடி கிரில்லு, டிக்கி பட்டை எல்லாம் குரோம், ஒரே பளபளப்பு, நமக்கு ஒத்து வரல. மேட் பிளாக் ஆக்கணும். பிளாஸ்டி டிப்னு ஸ்ப்ரே கேன்ல ரப்பர் வருதுல்ல, காஞ்சப்புறம் புடிக்கலைன்னா உரிச்சு எடுத்துரலாம்கிறாய்ங்க, அதை வாங்கி போர்டிகோவுலயே அடிச்சிரலாம்னு இருக்கேன். லோன் இன்னும் ஓடுது, அதான் நிரந்தரமா பெயிண்ட் அடிக்கத் தயக்கம்.

கீரைத்துறை பெயிண்டர்:
பட்டறைக்காரன் பொழப்புக்காக சொல்றான்னு நினைக்காதீங்க தம்பி. அந்த "உரிச்சிரலாம்"தான் வில்லங்கமே. ஒத்தக் கேன வச்சு மெல்லிசா ரெண்டு கோட்டு அடிச்சிட்டு அப்புறம் உரிக்க வரலண்ணேன்னு வண்டியோட வந்து நிப்பாய்ங்க, நகத்தால சொரண்டுனா பொட்டுப் பொட்டாத்தான் வரும், டபிள்யூடி-40ன்னு துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வருதுல்ல, அதை அடிச்சு ஊறவச்சு இண்டு இடுக்கெல்லாம் துணி விட்டுத் தேய்க்கணும், அந்தக் கூலிக்கு ஒழுங்கா பெயிண்டே அடிச்சிருக்கலாம்.

மேலூர் ரோடு:
அண்ணே அது கேனோட தப்பில்ல, அடிச்சவரு கஞ்சத்தனம். மொத கோட்டு மூடவே கூடாது, குரோம் பாதி தெரியணும், அதுதான் புடிமானம். அதுக்கப்புறம் நல்லா நனையிற மாதிரி நாலஞ்சு கோட்டு, 15-20 செமீ தள்ளிப் புடிச்சு, கோட்டுக்கு கோட்டு 20 நிமிஷமாவது விடணும். கனமா இருந்தாத்தான் ஒரே தாளா வரும். ஒரு கேன்ல இருக்கதே 311 கிராம், அதுல கிரில்லு டிக்கி ரெண்டையும் முடிக்கப் பாத்தா அண்ணன் சொன்ன கதிதான்.

கீரைத்துறை பெயிண்டர்:
சரி, நம்மூர்ல எப்ப அடிப்பீங்க? சித்திரை வெயில்ல குரோமத் தொட்டாலே கை பொத்துரும், அதுல அடிச்சா போய் விழுறதுக்குள்ள பாதி காஞ்சு சொரசொரன்னு நிக்கும். ஆடியில காத்து, தெருப்புழுதி பூரா அதுமேலதான். பட்டறையில நாங்க தரையில தண்ணி தெளிச்சு தூசிய அடக்கிட்டுத்தான் பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியவே தூக்குவோம்.

மேலூர் ரோடு:
காலையில நிழல்ல அடிங்க, காத்து இல்லாத நாளாப் பாத்து, நீங்களும் தண்ணி தெளிங்க, யாரு வேணாங்குறா. அதைவிட பெருசு என்னன்னா டேஷ்போர்டு பாலிஷ், வாக்ஸ் இதோட பிசுக்கு இருந்தா சத்தியமா ஒட்டாது, சோப்புத்தண்ணி மட்டும் பத்தாது, ஐசோபுரொபைல் ஆல்கஹால்ங்கிற ஸ்பிரிட்ட வச்சுத் தொடைக்கணும். நம்ம போர் தண்ணி உப்புக்கறையும் இருக்கக்கூடாது. மத்த எடத்துல படாம இருக்க சுத்தி ஒட்டுற டேப்ப மட்டும் கடைசி கோட்டு ஈரமா இருக்கப்பவே எடுத்துருங்க, காஞ்சப்புறம் இழுத்தா ரப்பரும் கூடவே கெளம்பி வந்துரும்.

வில்லாபுரம் வேகன்ஆர்:
பெட்ரோல் மூடிய சுத்தியும் அடிக்கலாமாண்ணே? அப்புறம் பம்பர் கீழ வெளுத்துப்போன கருப்பு பிளாஸ்டிக்கு?

மேலூர் ரோடு:
மூடிப் பக்கம் வேணவே வேணாம், பங்க்ல ரெண்டு சொட்டு வழிஞ்சாலும் அந்த எடம் கொழகொழன்னு ஆயிரும். பம்பர்ல நல்லாப் புடிக்கும், ஆனா சொரசொர பிளாஸ்டிக்ல பள்ளத்துக்குள்ள போய் உக்காந்துக்கும், உரிக்கிற யோசனை இருந்தா விட்டுருங்க.

கீரைத்துறை பெயிண்டர்:
ஆக, பெட்ரோல் ஆகாது, பிரஷர் வாஷ கிட்ட வச்சு அடிச்சா ஓரம் தூக்கிரும், மெல்லிசா அடிச்சா உரியாது. அப்ப எதுக்குங்க இது? உப்புத்தாள் போட்டுத் தேச்சு பிரைமர் வச்சு அடிச்சா வருஷக்கணக்கா நிக்கும்.

தெப்பக்குளம் டிசையர்:
அண்ணே உப்புத்தாள் போட்டா குரோம் போச்சே, விக்கிறப்ப வாங்குறவன் கேப்பானே. அதான் யோசிக்கிறேன். வினைல் ஒட்டுற கடைக்காரரு கிரில்லு வளைவுல ஓரம் நிக்காதுன்னுட்டாரு. மொதல்ல பின்னாடி இருக்க வண்டிப் பேர் எழுத்துல மட்டும் அடிச்சுப் பாக்கவா?

மேலூர் ரோடு:
அதுக்கு எழுத்து எழுத்தா டேப் ஒட்டிக்கிட்டு இருக்காதீங்க. எல்லா எழுத்தையும் சுத்தி ஒரே கட்டமா டேப் ஒட்டி, உள்ள மொத்தத்துக்கும் சேத்து அடிச்சு, நல்லா காய விட்டு, அப்புறம் எழுத்துக்கு வெளிய உள்ளத மட்டும் உரிங்க, எழுத்து கருப்பா நின்னுக்கும். மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் இல்ல, கரி பில்டர் வச்சது. பக்கத்துல கொசுவத்தி, பூஜை விளக்கு எதுவும் எரியக்கூடாது, குப்புனு புடிச்சுக்கும்.

கீரைத்துறை பெயிண்டர்:
சரி அடிங்க தம்பி. அடிச்ச அன்னிக்கு எல்லாரும்தான் போட்டோ போடுறாய்ங்க, நீங்க ஒரு சித்திரை ஒரு ஐப்பசி தாண்டி போட்டோ போடுங்க, அப்பப் பேசிக்குவோம்.